அந்த வீடியோவில் இருந்த பிறஷ்

ஆட்டுமயிர் பிறஷை அப்படி அழுத்தித் தேய்க்கக் கூடாது என்பது தர்ஷிகாவுக்குத் தெரியாததல்ல. பதினொரு வருடமாக மணப்பெண்களின் முகத்தில் வேலை செய்கிறவள். உள்ளங்கையில் கொஞ்சம் குழந்தைச் சம்போவை விட்டு, மயிரின் நுனி மட்டும் படும்படி வட்டமாகச் சுழற்ற வேண்டும். தலை எப்போதும் கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். மயிரையும் பிடியையும் சேர்த்து இறுக்கும் பூணுக்குள் தண்ணீர் போய்விட்டால் உள்ளே பசை இளகும். பிறகு ஒரு நாள், முகூர்த்தத்துக்குக் கிட்ட, பெண்ணின் கன்னத்தில் மயிர் உதிரும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் கிணற்றடித் தொட்டியில், அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கோபம் அவளுக்கு வாய்க்கு வருவதில்லை. கைக்குத்தான் வரும்.

"மெல்ல, தர்ஷி," என்றான் நிர்மலன். அவளுடைய கணவன். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். கழுவிய பிறஷ்களைப் பழைய துவாயில் ஒற்றி, விரலால் மயிரைக் கூட்டி வடிவாக்கி, தலைப்பக்கம் மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி அடுக்குவது அவனுடைய பங்கு. அவர்களுடைய கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதிலேயே அலசிக் காயவிட்டால் மயிர் தும்புத்தடி மாதிரி விறைத்துவிடும். கடைசி அலசலுக்கென்று கடையில் வாங்கிய பில்ற்றர் தண்ணீரைப் பேணியில் ஊற்றி வைத்திருந்தான்.

"இது மூண்டாந்தரம் கழுவுறாய். அதிலை ஒரு ஊத்தையும் இல்லை."

"எனக்குத் தெரியும்."

"பிறகேன்?"

அதே கேள்வியைத்தான் காலையிலிருந்து தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊத்தை இல்லாததை மூன்று தரம் கழுவுகிறவள், ஊத்தை இருக்கிறது என்று சொல்கிறவர்களோடு பாதி ஒத்துப்போய்விட்டாள் என்றுதானே அர்த்தம். அந்த நினைப்பு வந்ததும் கை இன்னும் அழுத்தியது.

நடந்தது இவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை சுகிர்தம் அன்ரியின் செத்தவீடு. பண்டத்தரிப்பில், இவர்களுடைய வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. மிசன் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்கோயிலில் தர்ஷிகாவும் அவரும் ஒரே வாங்கில் இருப்பார்கள். ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நின்று கதைக்கும்போதும் அவர்கள் இருவரும் எழும்ப மாட்டார்கள். ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. கால் மணித்தியாலம் அப்படியே இருந்துவிட்டு, "சரி, போவம்" என்பார் அன்ரி. பேசாமல் இருந்ததற்குக் காரணம் கேட்காத ஒரே ஆள் அவர்.

அன்ரியின் மகள் ரொறன்ரோவில், மகன் லண்டனில். இருவருக்கும் உடனே வர வழியில்லை. மகள்தான் கூப்பிட்டு அழுதாள். "அக்கா, மலர்ச்சாலைக்காரர் மாவுக்குள்ளை பிரட்டி எடுத்த மாதிரி ஆக்கிப்போடுவினம். அம்மா அம்மா மாதிரி இருக்கவேணும். நீங்கள் செய்வீங்களோ?"

"ஓம்" என்றாள் தர்ஷிகா.

அவளுடைய பிறஷ்கள் அத்தனையும் அன்று ஈரம். திங்கட்கிழமைக் கலியாணம் ஒன்றை முடித்துவிட்டுக் கழுவிப் போட்டவை, காய ஒரு முழு நாள் வேண்டும். பிரேதத்தை ஒழுங்குபடுத்தும் மலர்ச்சாலைக்காரரிடம் ஏதாவது இருக்கும் என்று வெறுங்கையோடு போனாள். அவர்களுடைய ஆள் செபமாலை எடுத்துக் கொடுத்தது ஓர் அங்குலப் பெயின்ற் பிறஷ். மயிர் முழுக்கப் பழைய பூச்சு காய்ந்து ஒரே கட்டையாகக் கிடந்தது. எத்தனை முகங்களின் பூச்சோ.

"உதாலையே பூசுறனீங்கள்?"

"ஓம் தங்கச்சி. அவைக்கு நோகாதுதானே," என்றார் செபமாலை. பகிடியாகத்தான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை.

தர்ஷிகா சிரிக்கவில்லை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்றார்கள். பக்கத்து வீட்டில் வினாகிரியைச் சூடாக்கி வாங்கி வரச் சொன்னாள். அதில் பிறஷைத் தோய்த்து வைத்து, கொஞ்சம் இளகியதும், அதே வீட்டில் வாங்கிய பேன்சீப்பால் அடியிலிருந்து நுனிக்கு மெல்ல மெல்ல வாரினாள். தேங்காயெண்ணெய் தடவினாள், சவர்க்காரம் போட்டாள், அலசினாள், திரும்பவும் வாரினாள். முற்றத்தில் பந்தலுக்குள் சனம் காத்திருந்தது. போதகர் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். முக்கால் மணித்தியாலம் கழித்து அந்தக் கட்டைக்குள்ளிருந்து மயிர் வெளியே வந்தது. நல்ல பன்றிமயிர். குளிர்ந்த தோலில் தடித்த களிம்பை இழுக்க அதைவிடத் திறமான சாமான் கிடையாது. பிறகு பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சுகிர்தம் அன்ரி, கால் மணித்தியாலம் பேசாமல் இருந்துவிட்டு எழும்பப் போகிறவர் மாதிரிக் கிடந்தார்.

அந்த முக்கால் மணித்தியாலம்தான் பிழையாய்ப் போனது. பத்து மணிக்கு நேரலை தொடங்கும் என்று வெளிநாட்டுக்காரர் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. வீடியோக்காரன் கோபிசங்கர், இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கக் கமெராவைத் திறந்தான். ரொறன்ரோவும் லண்டனும் பாரிசும் ஏற்கெனவே அந்தப் பக்கத்தில் காத்திருந்தன. அவர்கள் பார்த்தது, பெட்டிக்கு மேலே குனிந்து, ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கன்னத்தில் பிறஷ் ஓட்டும் தர்ஷிகாவை. நாற்பத்திரண்டு விநாடி. யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பினார்கள். கீழே ஒரு வரி: கலியாணப் பொம்பிளை வெளிக்கிடுத்துற அக்காவெல்லோ இது?

புதன்கிழமை, கொடிகாமத்தில் ஒரு பிள்ளை பெரியவளானதற்கான சாமத்தியவீடு கைவிட்டுப் போனது. வியாழக்கிழமை ஒரு கலியாணம் போனது. யாரும் காரணம் சொல்லவில்லை. "வேறை ஒழுங்கு ஒண்டு வந்திட்டுது" என்றார்கள், இரண்டு வீட்டாரும், ஒரே வசனத்தை.

மிஞ்சி இருந்தது இந்த ஞாயிற்றுக்கிழமை உரும்பிராய்க் கலியாணம். அதுவும் போனால் இந்தத் தொழிலில் தனக்கு மிச்சம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஊர் அப்படித்தான். மூன்று வீடு விட்டால் நாலாவது வீடு கேட்கவே கேட்காது.

"பிறஷ் என்னுடையதில்லை எண்டு முகநூலிலை ஒரு வரி போடன். உண்மைதானே. உண்மையைச் சொல்ல உனக்கு என்ன?" என்று நிர்மலன் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளால் அவனுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. அந்த வரியைப் போட்டால், என் பிறஷ் பட்டிருந்தால் நீங்கள் அருவருத்தது சரிதான் என்று கையெழுத்து வைத்தது மாதிரி. சுகிர்தம் அன்ரியைத் தொட்டதற்கு மன்னிப்புக் கேட்டது மாதிரி. ஒவ்வொரு நாளும் அந்த வரி தொண்டைவரை வரும். திரும்பிப் போகும்.

படலையடியில் ஓட்டோ நின்றது.

இறங்கியவர் கமலாவதி, ஞாயிற்றுக்கிழமைப் பெண் நிரோஜாவின் தாய். பின்னால் அவருடைய தம்பி நமசிவாயம். உரும்பிராயில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர்.

நிர்மலன் ஓடிப்போய்ப் படலையைத் திறந்தான். "வாங்கோ அக்கா, வாங்கோ அண்ணை. உள்ளுக்கை வாங்கோ."

"இல்லைத் தம்பி. வெளியிலை காத்து நல்லாயிருக்கு," என்றார் கமலாவதி. ஓர் இலைகூட அசையவில்லை. நிர்மலன் கதிரை கொண்டுவந்து கிணற்றடியில் போட்டான். தேத்தண்ணி என்றதற்கு, இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறோம் என்றார். தர்ஷிகா அதையும் கவனித்தாள். கையைத் துடைக்காமல், நுரையோடு, எழும்பி நின்றாள்.

நமசிவாயம் மேசையில் அடுக்கியிருந்ததைப் பார்த்தார். "உதுவளவும் ஒரு முகத்துக்கோ பிள்ளை? எங்கடை வீடு முழுக்க நான் ரெண்டு பிறஷாலை எல்லே பெயின்ற் அடிச்சனான்."

"வீடு அசையாமல் நிக்கும் அண்ணை. பொம்பிளையள் அழுவினம்," என்றான் நிர்மலன். நமசிவாயம் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கமலாவதி போனை எடுத்து நீட்டினார். திரையில் அந்த வீடியோ, முதல் விநாடியில் நின்றது. "இது நீயோ பிள்ளை?"

"ஓம்."

"நான் குறை சொல்ல வரேல்லை. செய்தது புண்ணியம். ஆனா நீ என்ரை நிலைமையையும் பார். நிரோஜாவுக்கு முப்பத்திமூண்டு வயசு. முதல் நாள் குறிச்ச கிழமை மாப்பிளையின்ரை தகப்பன் செத்தது. ஆறு மாசம் பொறுத்து ரெண்டாம் நாள் குறிச்சம், இவளின்ரை அப்பா போயிட்டார். கலியாண அட்டைகூட அடிச்சு வந்தாச்சு. இது மூண்டாம் நாள். எனக்கு நித்திரை இல்லை. ரோட்டிலை ஒரு பிரேத வாகனம் போனாலும் நெஞ்சு அடைக்குது." நீட்டிய போனை மடியில் வைத்துக்கொண்டார். "புதுசா ஒரு செற் வாங்குவம். நாங்களே வாங்கித் தாறம். உதுகளைக் கொண்டுபோய் எங்கையாவது எறிஞ்சுவிடு. உனக்கு என்ன நட்டம்?"

தர்ஷிகா மேசையைப் பார்த்தாள். பத்தொன்பது பிறஷ். ஒவ்வொன்றையும் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு வளையும் என்று அவளுடைய விரலுக்குத் தெரியும். புது பிறஷ் ஒன்று கைக்குப் பழக ஆறு மாதம் எடுக்கும்.

"கலியாணத்துக்கு வீடியோ ஆர் அக்கா?" என்று கேட்டாள்.

"கோபிசங்கர்."

"இந்த வீடியோ எடுத்ததும் அவன்தான். அதே கமெராதான். அதையும் எறியச் சொன்னனீங்களோ?"

கமலாவதி தம்பியைப் பார்த்தார். நமசிவாயம் சொன்னார்: "கமெரா முகத்திலை முட்டாதுதானே பிள்ளை."

தொட்டியின் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. தர்ஷிகாவுக்கு மௌனம் பழக்கம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பாள். மற்ற மூவருக்கும் அது பழக்கமில்லை. முதலில் உடைந்தது நிர்மலன்.

"அக்கா, நான் சொல்லுறன். அது இவளின்ரை பிறஷே இல்லை. மலர்ச்சாலைக்காரற்றை. இவளின்ரை எல்லாம் அண்டைக்கு இந்த மேசையிலைதான் ஈரமாக் கிடந்தது. நான்தான் திருப்பித் திருப்பிப் போட்டனான். வேணுமெண்டால் செபமாலை அண்ணையைக் கேட்டுப் பாருங்கோ, நம்பர் தாறன்."

கமலாவதி அவனைப் பார்த்தார். பிறகு தர்ஷிகாவைப் பார்த்தார். நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு, அவரை மீறி, வந்தது. கண் கலங்கிவிட்டது.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை. வாயிலை என்ன கொழுக்கட்டையோ?" என்றார் நமசிவாயம், சந்தோசமாக. "அக்கா மூண்டு நாளாச் சாப்பிடேல்லை. நான் வேறை மூண்டு நாளா உவவின்ரை புலம்பலைக் கேட்டுக் கேட்டு..."

"அப்ப சரி. அப்ப ஒண்டும் இல்லை," என்றார் கமலாவதி. எழும்பி வந்து தர்ஷிகாவின் ஈரமில்லாத முழங்கையைத் தொட்டார். முதல்தரமாகத் தொட்டார். "காலமை நாலு மணிக்கு வாகனம் அனுப்புவன். நிரோஜாவுக்கு நீ வந்தாத்தான் நிம்மதி, அவள் வேறை ஒருத்தரும் வேண்டாமெண்டு நிக்கிறாள்." கொஞ்சம் நிறுத்தினார். குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு மட்டும். மாப்பிளை வீட்டாரும் உதைப் பாத்திருப்பினம். மண்டபத்திலை ஆரும் கேட்டா, அது நான் இல்லை, என்னை மாதிரி ஆரோ எண்டு சொல்லிவிடு. அந்தச் செத்தவீட்டுக்கே போகேல்லை எண்டு சொல்லு. ஒரு நாளைக்குத்தானே."

தர்ஷிகா தன் முழங்கையில் இருந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

போகவில்லை என்று சொல்ல வேண்டும். தாடையைப் பிடிக்கவில்லை. காது மடலுக்குப் பின்னால் களிம்பு திரண்டு நின்றதைச் சின்னவிரலால் எடுத்துவிடவில்லை. வேலை முடிந்ததும் எல்லோரும் வரமுதல், பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு நிமிடம் சும்மா நிற்கவில்லை. அது யாரோ.

மேசையில் கிடந்தவற்றில் பெரியதை எடுத்தாள். பவுடருக்கான ஆட்டுமயிர் பிறஷ். ஞாயிற்றுக்கிழமை நிரோஜாவின் முகத்தில் கடைசியாக ஓட வேண்டியது.

"அது நான்தான் அக்கா," என்றாள். குரல் உயரவே இல்லை. "பிறஷும் என்ரைதான். இவர் உங்களைச் சமாளிக்கவெண்டு சொல்லுறார். இந்தா, இதுதான் அது."

கமலாவதியின் கை முழங்கையிலிருந்து விலகியது. சுடுசட்டியைத் தொட்டவர் மாதிரி அல்ல, மெல்ல, எங்கே வைப்பது என்று தெரியாமல். முகத்தில் கோபம் இல்லை. தர்ஷிகா கோபத்தை எதிர்பார்த்திருந்தாள். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கே இருந்தது வெறும் பயம். மூன்று நாளாகச் சாப்பிடாத ஒரு பொம்பிளையின் பயம்.

"போன மாசம் வந்து பூசிப் பாத்தனீ..." என்றார் கமலாவதி. "அதாலையோ? இதாலையோ என்ரை பிள்ளைக்கு..."

"இல்லை, இல்லை. அது அன்ரி சாக முன்னம்." அதை மட்டும் தர்ஷிகா அவசரமாகச் சொன்னாள். அதற்கு மேல் கொடுமையாக இருக்க அவளால் முடியவில்லை.

நமசிவாயம் தமக்கையின் தோளைப் பிடித்து ஓட்டோவுக்குக் கூட்டிப் போனார். படலையடியில் நின்று திரும்பி, "வாய் இல்லாத பிள்ளை எண்டு நினைச்சன்," என்றார். திட்டவில்லை. அவருக்கு அது ஒரு செய்தி மாதிரி இருந்தது.

ஓட்டோவின் சத்தம் ஒழுங்கை முடக்கில் மறைந்தது. நிர்மலன் கையிலிருந்த துவாயை மேசையில் போட்டான்.

"என்னைப் பொய்யன் ஆக்கிப்போட்டாய்."

"ஓம்."

"ஓமோ? அவ்வளவுதானோ? நாளைக்கு நான் எந்த முகத்தோடை உரும்பிராய்ப் பக்கம் போறது?"

அவள் கையிலிருந்த பிறஷை மேசையில் வைத்தாள்.

"கேக்கிறனெல்லே. ஏன் சொன்னனீ?"

அவன் உள்ளே போனான். மோட்டார்சைக்கிள் திறப்போடு வந்தான். "நான் பின்னாலை போய் உண்மையைச் சொல்லிப்போட்டு வாறன்."

"சொல்லுங்கோ. நான் ஞாயிற்றுக்கிழமை போகமாட்டன்."

அவன் நின்றான். திறப்பைக் கைக்குள் வைத்து மூடினான். முகம் சிவந்திருந்தது. கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் அவன் அவளைப் பார்த்துக் கத்தியதில்லை. இப்போதும் கத்தவில்லை. "சரி, தாய் ஒண்டு சொன்னா. மாமன் ஒண்டு சொன்னார். அந்தப் பெட்டை உனக்கு என்ன செய்தது?"

தர்ஷிகா தன் கோபத்துக்குள் தேடிப் பார்த்தாள். கமலாவதிக்கு, கோபிசங்கருக்கு, வீடியோவை வெட்டிய அந்த முகம் தெரியாத ஆளுக்கு, ஒரே வசனத்தைச் சொன்ன இரண்டு வீட்டாருக்கு, உண்மையை இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்ட இவனுக்கு, எல்லோருக்கும் இடம் இருந்தது. நிரோஜாவுக்கு இல்லை. அந்தப் பெண் போன மாதம் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, நான்தானோ?" என்று கேட்டவள்.

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். நிரோஜாவுக்கு எழுதினாள். தான் வரவில்லை, மானிப்பாயில் நல்ல கை உள்ள ஒருத்தி இருக்கிறாள், இது அவளுடைய நம்பர், அவளிடம் தானே கதைப்பதாக. இடது கண் இமையில் பசை பட்டால் வீங்கும், அதை அவளுக்குச் சொல்லு. கழுத்து நிறம் முகத்தைவிட ஒரு படி குறைவு, இரண்டு நிறம் கலக்கச் சொல்லு. அழவேண்டி வந்தால் துடைக்காதே, ஒற்று. எழுதி முடித்ததும், மன்னித்துக்கொள் என்று சேர்த்தாள். அதை அழித்தாள். திரும்பவும் சேர்த்தாள். அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "சரி அக்கா." வேறு ஒன்றும் இல்லை.

அந்த இரண்டு சொல் கமலாவதி சொன்ன எல்லாவற்றையும்விட அடித்தது. அடித்ததும், அடங்கப் போன கோபம் புதிதாக ஏறியது. ஒருவரிடமும் போக வழியில்லாத கோபம். தர்ஷிகா தன்னுடைய முகநூல் பக்கத்தைத் திறந்தாள். தொழில் விபரம் என்ற இடத்தில் இரண்டு வரி இருந்தது. மணப்பெண் அலங்காரம். சாமத்தியவீட்டு அலங்காரம். அதன் கீழே மூன்றாவது வரியை எழுதினாள்: இறந்தவர்களுக்கான முக அலங்காரம். எழுதிவிட்டு எழுத்து எழுத்தாக வாசித்தாள். கீழே அந்த நாற்பத்திரண்டு விநாடி வீடியோவைத் தன் கையாலேயே இணைத்தாள். அதற்கு மேலே தன் முழுப் பெயரைப் போட்டாள்.

விரல் ஒரு கணம் நின்றது. இதற்குப் பிறகு பண்டத்தரிப்பிலிருந்து கொடிகாமம்வரை எந்தத் தாயும் தன் பிள்ளையின் முகத்தை அவளிடம் தரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே அழுத்தினாள்.

நிர்மலன் தன் போனில் அதைப் பார்த்திருக்க வேண்டும். வந்து பின்னால் நின்றான். அவன் மூச்சு கேட்டது. திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு காலமும் மௌனம் அவளுடைய சாமான். இப்போது அவன் அதை எடுத்து வைத்திருந்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி அவன் முகத்தைப் பார்க்கவும் அவளுக்குத் துணிவு வரவில்லை. இதுவரை கொண்டுவந்து விட்ட கோபம் அவ்வளவு தூரத்துக்கு உதவவில்லை.